வீட்டுப் பெரியவர்களின் வாய்மொழி



உங்களை ஒரு கேள்வி கேட்டு என் பேச்சைத் தொடங்க விரும்புகிறேன். உங்கள் தாயாரின் பெயர் உங்களுக்குத் தெரியும். தாயாரைப் பெற்ற அம்மாயியின் பெயரும் தெரிந்திருக்கும். அந்த அம்மாயியைப் பெற்றவர் பெயர் யாது? அவர் எந்த ஊரில் பிறந்து எந்த ஊருக்கு வாழ்க்கைப்பட்டு வந்தார்? காங்கேயம் வட்டாரத்துப் பள்ளியொன்றில் நான் ஆசிரியனாக இருந்த காலத்தில், ஆண்டுதோறும் இந்தக் கேள்வியை வகுப்பில் கேட்பது என் வழக்கம். முகலாய அரசன் பாபருடைய தந்தையின் பெயர் உமர் ஷேக் மிர்சா என்று தயங்காமல் சொல்லும் பிள்ளைகள், இந்தக் கேள்வி வந்தவுடன் ஒருவர் முகத்தை ஒருவர் பார்ப்பார்கள்.

இதனைப் பிள்ளைகளின் குற்றம் என்று நான் சொல்ல மாட்டேன். வரலாறு என்பது எங்கோ நடந்தது, யாரோ பெரியவர்கள் நடத்தியது, புத்தகத்தில் அச்சாகி வருவது என்றே நாம் அவர்களுக்குக் கற்பித்திருக்கிறோம். நம் வீட்டுத் திண்ணையில் வெற்றிலை இடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும் அப்பாருவும், கட்டிலில் படுத்தபடியே பேரப்பிள்ளைகளை விசாரிக்கும் அம்மாயியும் வரலாற்றின் ஒரு பகுதியைத் தம்மிடம் வைத்திருக்கிறார்கள் என்று நாம் சொல்லிக் கொடுத்ததில்லை. இன்று அதைப் பற்றியே உங்களோடு சிறிது நேரம் பேச எண்ணுகிறேன்.

கொங்கு நாட்டுக்கு எழுதி வைத்த வரலாறு இல்லாமற் போகவில்லை. விசயமங்கலத்துக் கார்மேகக் கவிஞர் பாடிய கொங்கு மண்டல சதகம் நமக்கு உண்டு. திருச்செங்கோடு முத்துசாமிக் கோனார் அதற்கு உரை கண்டு பதிப்பித்தார். கோவைகிழார் என்று புகழ்பெற்ற சி. எம். இராமச்சந்திரஞ் செட்டியார், வழக்கறிஞர் தொழிலுக்கு இடையே பல்லாண்டு உழைத்துக் கொங்கு நாட்டு வரலாற்றை நூலாக்கித் தந்தார். ஈரோட்டுப் புலவர் செ. இராசு அவர்கள், 2023-ஆம் ஆண்டில் மறையும் வரையில், ஊர் ஊராகச் சென்று கல்வெட்டுகளையும், வீட்டுப் பெட்டிகளில் கிடந்த செப்பேடுகளையும் ஓலைகளையும் தேடிப் படித்து வெளியிட்டார். இப்பெருமக்கள் செய்த தொண்டினை நாம் மறத்தல் ஆகாது.

ஆயினும் ஒன்றை எண்ணிப் பாருங்கள். செப்பேடு யாருக்காக எழுதப்பட்டது? நிலமும் காணியுரிமையும் உடையவர்களுக்காக. கல்வெட்டு எதற்காக வெட்டப்பட்டது? பெரும்பாலும் கோயிலுக்குக் கொடுத்த கொடையைச் சொல்வதற்காக. கொடுப்பதற்கு ஒன்றும் இல்லாதவன் பெயர் கல்லில் ஏறாது. பிறர் காட்டில் உழைத்து, பிறர் மாட்டை மேய்த்து வாழ்நாளைக் கழித்தவன் பெயர் செம்பில் ஏறாது. வாழ்க்கைப்பட்டு வந்த ஊரில், பிறந்த ஊரின் பெயராலேயே கடைசி வரையில் அழைக்கப்பட்ட பெண்ணின் சொந்தப் பெயர் எந்த ஓலையிலும் ஏறாது. இவர்களுக்கெல்லாம் ஆவணக் களரி எங்கே இருக்கிறது? வீட்டுப் பெரியவர்களின் நினைவில்தான் இருக்கிறது. கல்வெட்டு மழையிலும் வெயிலிலும் ஆயிரம் ஆண்டு நிற்கும். நினைவுக்கோ ஓர் ஆயுள்தான். அதைக் கேட்டு வாங்கிக்கொள்ள ஒருவர் வந்தால் அது இன்னோர் ஆயுள் பெறும். வாராவிட்டால் அதனோடு முடிந்துபோகும்.

இதற்கு என் குடும்பத்திலிருந்தே ஓர் எடுத்துக்காட்டுத் தருகிறேன்.

தாது வருஷப் பஞ்சம் என்று நீங்கள் கேள்விப்பட்டிருக்கக் கூடும். 1876-ஆம் ஆண்டில் பருவமழை பொய்த்தது. அந்த ஆண்டுக்குத் தமிழ்ப் பெயர் தாது. 1878 வரையில் சென்னை மாகாணத்தை வாட்டிய அந்தப் பெரும் பஞ்சத்தில் மிகுதியாகத் துன்புற்ற மாவட்டங்களுள் கோயம்புத்தூரும் சேலமும் சேர்ந்தவை. அன்றைய கோயம்புத்தூர் மாவட்டம் மிகப் பெரியது. ஈரோடும் கரூரும் கொள்ளேகாலமும் அதனுள் அடங்கியிருந்தன. 1871-ஆம் ஆண்டுக் குடிக்கணக்கின்படி அம்மாவட்டத்து மக்கள் தொகை ஏறத்தாழ 17 இலட்சத்து 63 ஆயிரம். பத்தாண்டு கழித்து 1881-இல் எண்ணியபோது அது ஏறத்தாழ 16 இலட்சத்து 58 ஆயிரம். பத்தாண்டில் பெருகியிருக்க வேண்டிய தொகை, ஓர் இலட்சத்துக்கு மேல் குறைந்துவிட்டது. இவை அரசாங்கத்தார் எழுதி வைத்த எண்கள். இவற்றை நான் கல்லூரியில் படித்தேன், தேர்வில் எழுதினேன், அதற்கு மதிப்பெண்ணும் கிடைத்தது.

என் அம்மாயி வீட்டில் ஆடிப் பதினெட்டு நோம்பியன்று முன்னோருக்கு இலை போட்டுப் படைப்பார்கள். நான்கு பெரிய வாழையிலையில் நெல்லுச்சோறும் பருப்பும் பலகாரமும் இருக்கும். அவற்றுக்கு அப்பால், சுவரோரமாக, உள்ளங்கை அகலத்தில் ஒரு சிற்றிலை கிடக்கும். அதில் நெல்லுச்சோறு இராது. ஒரே ஓர் உருண்டைக் கம்மஞ்சோறு மட்டும் இருக்கும். காக்கைக்கு வைப்பது அது என்றே நாங்கள் பிள்ளைகள் எல்லோரும் எண்ணியிருந்தோம். 1978-ஆம் ஆண்டில் ஒரு நோம்பியன்று, அது யாருக்கு என்று அம்மாயியைக் கேட்டேன்.

"அது ஆருக்குங்க அம்மாயி?"

"என்ற அம்மாயியோட தங்கச்சிக்குக் கண்ணு. தாது வருசத்துல போயிட்டா. நாலு வயசு."

"அவங்க பேரு என்னங்க?"

"பேரு தெரியலியே சாமி. ஆரும் சொல்லாமயே விட்டுட்டாங்க. கம்மஞ்சோறு கேட்டு அழுதாளாம். அதை மட்டும் சொல்லுவாங்க."

நேயர்களே, என் அம்மாயி 1908-ஆம் ஆண்டை ஒட்டிப் பிறந்தவர். அவருக்கு இதைச் சொன்ன அவருடைய அம்மாயி, பஞ்சக் காலத்தில் ஏழு வயதுச் சிறுமி. ஏழு வயதில் கண்டதை அந்த மூதாட்டி தம் பேத்திக்குச் சொன்னார்; பேத்தி மூதாட்டியாகித் தம் பேரனாகிய எனக்குச் சொன்னார்; இப்போது நான் உங்களுக்குச் சொல்கிறேன். ஏறத்தாழ 100 ஆண்டுக் காலத்தை இரண்டே இரண்டு வாய்கள் கடந்து என் காதில் கொண்டுவந்து சேர்த்திருக்கின்றன. பாட்டிக்கும் பேரனுக்கும் இடையே உள்ள தொலைவு எவ்வளவு நீளமானது, அதே சமயம் எவ்வளவு குறுகியது என்று பாருங்கள்!

அரசாங்கத்தார் கணக்கு, ஓர் இலட்சம் பேருக்கு மேல் குறைந்தார்கள் என்று சொல்லிற்று. அந்தக் கணக்கு இல்லாவிட்டால் பஞ்சத்தின் பரப்பு நமக்கு விளங்காது. ஆனால் அவர்களுள் ஒருத்திக்கு வயது நான்கு, அவள் கம்மஞ்சோறு கேட்டு அழுதாள் என்பதை எந்தக் கணக்கும் சொல்லவில்லை. எத்தனை பேர் என்பதைக் கணக்கு சொல்லும். அவர்கள் யார் யார் என்பதை வீடுதான் சொல்ல வேண்டும். இரண்டும் சேர்ந்தாலன்றி அது முழு வரலாறு ஆகாது. அந்தக் குழந்தையின் பெயர் இரண்டு தலைமுறைக்குள் எங்கள் குடும்பத்திலிருந்து போய்விட்டது. ஒரு சிற்றிலையும் ஓர் உருண்டைச் சோறும் மட்டும் எஞ்சின. கேட்பதற்கு ஆள் இல்லாமல் இருந்திருந்தால் அந்த இலையும் காக்கைக்கு வைத்த இலையாகவே முடிந்திருக்கும்.

இங்கே ஓர் எச்சரிக்கையும் சொல்ல வேண்டும். பெரியவர்கள் சொல்வதெல்லாம் அப்படியே வரலாறு ஆகிவிடுமா என்று உங்களுள் சிலர் கேட்கலாம். நல்ல கேள்வி. அதே குழந்தையைப் பற்றி என் அம்மாயியின் தம்பியாரையும் கேட்டேன். கஞ்சித்தொட்டிக்குப் போகும் வழியில், கூட்டத்தில் கை தவறிக் காணாமற் போய்விட்டாள் என்பது அம்மாயி சொன்னது. கஞ்சித்தொட்டிக்குப் பக்கத்திலேயே வாந்திபேதி கண்டு இறந்துபோனாள் என்பது தம்பியார் சொன்னது. இருவரும் ஒரே மூதாட்டியிடம் கேட்டவர்கள். எது மெய்? தங்கையின் கையைப் பிடித்துச் சென்ற அந்த ஏழு வயதுச் சிறுமி, பேத்திக்கு ஒரு விதமாகவும் பேரனுக்கு ஒரு விதமாகவும் சொல்லியிருக்கலாம். நான் இரண்டையும் எழுதி, ஒவ்வொன்றுக்கும் எதிரே யார் சொன்னது, எந்த நாளில் சொன்னது என்று குறித்து வைத்திருக்கிறேன். ஒன்றை வைத்துக்கொண்டு மற்றொன்றை அழித்துவிடும் உரிமை எனக்கு இல்லை. உங்களுக்கும் இதையே சொல்வேன்: மாறுபட்டு வரும் செய்திகளை ஒழுங்குபடுத்தி ஒரே கதையாக்கிவிடாதீர்கள். மாறுபாடும் ஒரு செய்திதான்.

அடுத்து, காலத்தை அறியும் முறை. நம் பெரியவர்கள் 1942, 1955 என்று ஆங்கில ஆண்டால் கணக்கு வைப்பதில்லை. தாது வருஷம், விக்கிரம வருஷம் என்பார்கள். அல்லது இன்னது நடந்த வருஷம் என்பார்கள். தமிழ் ஆண்டுகள் அறுபதுக்கு ஒருமுறை சுழன்று வருவன என்பதை மறவாதீர்கள். 1876-இல் வந்த தாது, 1936-இல் மீண்டும் வந்தது, 1996-இலும் வந்தது. ஆகவே ஒருவர் தாது வருஷம் என்று சொன்னால், எந்தத் தாது என்று தெளிந்துகொள்ள வேண்டும். தேதியைத் துருவித் துருவிக் கேட்டுப் பயனில்லை. அப்போது கோவை நகரில் சிறுவாணித் தண்ணீர் இருந்ததா, மில்லுக்கு மின்சாரம் வந்துவிட்டதா என்று கேளுங்கள். சிறுவாணி நீர் 1929-இல் நகருக்கு வந்தது. பைகாரா மின்சாரம் 1932-இல் பிறந்தது. இரண்டும் இருந்தன என்றால் அது முந்தைய தாது ஆகாது.

இவ்வாறு நம் வட்டாரத்துக்கு ஒரு காலப் படிக்கட்டை நீங்களே அமைத்துக்கொள்ளலாம். கோவை நகரில் பிளேக் நோய் பரவி மக்கள் வீட்டைப் பூட்டிக்கொண்டு ஊருக்கு வெளியே குடிசை போட்ட காலம் ஒரு படி. அது இருபதாம் நூற்றாண்டின் தொடக்கம். அந்த நோயின் பெயராலேயே பிளேக் மாரியம்மன் என்று வழங்கும் கோயில்கள் இன்றும் நகரில் உள்ளன. சூலூர் விமானத் தளம் தீக்கு இரையான 1942-ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதம் ஒரு படி. சின்னியம்பாளையத்து மில் தொழிலாளர் நால்வர் தூக்கிலிடப்பட்ட 1946-ஆம் ஆண்டு ஜனவரி ஒரு படி. கீழ்பவானி வாய்க்காலில் தண்ணீர் ஓடத் தொடங்கிய காலம் ஒரு படி. சீனப் போர் மூண்ட 1962 ஒரு படி. பாட்டியார் சொல்லும் நிகழ்ச்சி எந்தப் படிக்கு மேலே, எந்தப் படிக்குக் கீழே என்று கேட்டால், ஆண்டு தானாகவே வந்து நிற்கும்.

கீழ்பவானி என்றவுடன் இன்னொரு செய்தி நினைவுக்கு வருகிறது. 1948-இல் தொடங்கிய பவானிசாகர் அணை வேலை 1955-ஐ ஒட்டி முடிந்தது. 200 கிலோமீட்டர் நீளமுள்ள வாய்க்கால், இரண்டு இலட்சம் ஏக்கருக்கு மேற்பட்ட நிலத்துக்கு நீர் தந்தது. என் மாணவன் ஒருவன் தன் அப்பாருவைக் கேட்டு எழுதி வந்தான்: விடியற்காலையில் எருது பூட்டிக் கவலை இறைத்துக் கையும் தோளும் காய்த்துப்போனவர்கள், வாய்க்காலில் முதல் தண்ணீர் வந்த அன்று கரையில் நின்று கண்ணீர் விட்டார்களாம். அதே வகுப்பில் இன்னொரு மாணவி எழுதியது வேறு. அவளுடைய முன்னோர் அணைக்குள் மூழ்கிய ஊரைச் சேர்ந்தவர்கள். வீட்டையும் கிணற்றையும் விட்டுக் கட்டைவண்டியில் ஏறிய நாளை அவள் வீட்டில் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள். அணையில் நீர் மிகவும் வற்றும் ஆண்டுகளில், டணாயக்கன் கோட்டையின் பழைய கோயில் நீருக்கு வெளியே தலை காட்டும். அப்போது அவள் வீட்டுப் பெரியவர்கள் போய்ப் பார்த்து வருவது உண்டாம். ஒரே அணை, ஒரு வீட்டில் அது தண்ணீர் வந்த ஆண்டு, இன்னொரு வீட்டில் அது ஊர் போன ஆண்டு. பாடப்புத்தகத்தில் இரண்டுக்கும் சேர்த்து ஒரு வரிதான் இருக்கிறது. அன்று அவ்விரு கட்டுரைகளையும் வகுப்பில் அடுத்தடுத்துப் படிக்கச் சொன்னேன். அந்த மாணவன் தானாகவே எழுந்து சென்று அந்தப் பெண்ணின் ஏட்டை வாங்கி மறுமுறையும் படித்தான்.

சரி, பெரியவர்களிடம் எப்படிக் கேட்பது? "உங்கள் வாழ்க்கை வரலாற்றைச் சொல்லுங்கள்" என்றால் யாரும் சொல்ல மாட்டார்கள். "எனக்கு என்ன கதை இருக்குது, போ கண்ணு" என்று எழுந்துவிடுவார்கள். பொருளைக் கையில் கொடுத்துக் கேளுங்கள். பரணில் கிடக்கும் படியையும் வள்ளத்தையும் எடுத்துக் கொடுங்கள். துருப்பிடித்த மாட்டுச் சலங்கையைக் கொடுங்கள். எந்த மாட்டுக்கு அது கட்டியது, அந்த மாட்டை அந்தியூர்ச் சந்தையில் பிடித்தீர்களா, கண்ணபுரம் தேரில் பிடித்தீர்களா, எத்தனை நாள் நடந்து ஓட்டி வந்தீர்கள் என்று கேளுங்கள். சந்தைக்கு நடந்த வழி நினைவுக்கு வந்தால், வழியில் தண்ணீர் கொடுத்த வீடு நினைவுக்கு வரும். அந்த வீடு நினைவுக்கு வந்தால், எந்த வாசலில் யாருக்குத் தண்ணீர் கொடுத்தார்கள், யாருக்குக் கொடுக்கவில்லை என்பதும் வரும். நம் நாட்டின் சமூக வரலாறு முழுவதும் அந்த ஒரு செம்புத் தண்ணீரில் இருக்கிறது. அதைக் கேட்பதற்கு அஞ்ச வேண்டாம். கேட்டதை மறைக்கவும் வேண்டாம். நம் முன்னோர் பெருமையை மட்டும் எழுதுவது வரலாறு அன்று. அது கலியாணப் பத்திரிகை.

கேட்கும்போது விடையை நாமே ஊட்டிவிடக் கூடாது. அமெரிக்க எழுத்தாளர் அலெக்ஸ் ஹேலி, தம் பாட்டி முதலியோர் சொன்ன குடும்பக் கதையைப் பற்றிக்கொண்டு ஆப்பிரிக்காவிலுள்ள காம்பியா வரையில் தேடிச் சென்றார். ஜுஃபுரே என்னும் ஊரில் ஒரு முதியவர், அவர் தேடிய மூதாதையின் கதையை அப்படியே சொன்னார். அதை வைத்து எழுந்த "வேர்கள்" என்னும் நூல் 1976-இல் வெளிவந்து உலகப் புகழ் பெற்றது. தங்கள் மூதாதையரைத் தேடும் ஆர்வத்தை அந்நூல் எண்ணற்ற மக்களுக்கு ஊட்டியது என்பதில் ஐயமில்லை. ஆனால் பின்னர் ஆராய்ந்த அறிஞர்கள் அந்த முதியவர் சொன்னதை ஐயுற்றார்கள். வந்தவர் எதைத் தேடி வருகிறார் என்பது ஊரார்க்கு முன்னமே தெரிந்திருந்தது. தொலைவிலிருந்து வந்த விருந்தினர் விரும்பியது அவருக்குக் கிடைத்திருக்கலாம் என்பது அவர்கள் கருத்து. அன்புள்ளவர்கள் நாம் விரும்புவதையே சொல்ல முற்படுவார்கள். பாட்டியாரும் அப்படித்தான். ஆதலால், "நம் முப்பாட்டனார் பெரிய வீரர்தானே?" என்று கேட்காதீர்கள். "அவர் எப்படிப்பட்டவர்?" என்று கேட்டுவிட்டுப் பேசாமல் இருங்கள்.

கேட்பவரும் சூழலும் மாறினால் சொல்வதும் மாறும் என்பதற்கு நம் வட்டாரத்திலேயே நல்ல சான்று உண்டு. பொன்னர் சங்கர் வரலாறாகிய அண்ணன்மார் கதையை நீங்கள் அறிவீர்கள். பிரெண்டா பெக் என்னும் மானிடவியல் அறிஞர், 1965-இல் காங்கேயத்தை அடுத்த ஓலப்பாளையத்தில் தங்கி, அந்தக் கதையைப் பாடகர்கள் ஊரார் முன்னிலையில் இரவு இரவாகப் பாடியபோது ஒலிநாடாவில் பதிவு செய்தார். அதே பாடகர் எழுதிக்கொள்பவருக்குச் சொல்லிக்கொடுத்த வடிவத்தையும் பெற்று, இரண்டையும் ஒப்பிட்டு ஆராய்ந்தார். சொன்னவர் ஒருவரே, கதையும் ஒன்றே. ஆயினும் கூட்டத்துக்கு முன் பாடியதும் எழுத்தருக்குச் சொன்னதும் ஒன்றாக இல்லை. தொழில்முறைப் பாடகருக்கே இப்படியென்றால் நம் பாட்டிமாரைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. மகன் பக்கத்தில் இருக்கும்போது சொல்லாததை, மருமகளோடு அவரை விதைத்துக்கொண்டிருக்கும்போது சொல்லிவிடுவார்கள். ஆகவே ஒரே நாளில் கேட்டு முடித்துவிட்டதாக எண்ணாதீர்கள்.

கேட்டதை எழுதும்போது, அவர்கள் சொன்ன சொல்லிலேயே எழுதுங்கள். "என்ற அம்மாயி" என்றால் "என்ற" என்றே எழுதுங்கள். "என்னுடைய" என்று திருத்தாதீர்கள். நோம்பியைப் பண்டிகை ஆக்காதீர்கள். கவலை இறைத்ததை நீர்ப்பாசனம் செய்ததாக மாற்றாதீர்கள். ஆர். சண்முகசுந்தரம் 1942-இல் "நாகம்மாள்" நாவலை எழுதியபோது கொங்குப் பேச்சு இலக்கியத்துக்குள் தலைநிமிர்ந்து வந்தது. பெருமாள்முருகன் கொங்கு வட்டாரச் சொற்களைத் திரட்டி 2000-ஆம் ஆண்டில் ஓர் அகராதியே தந்தார். கவலை நின்றுபோனபோது அதன் உறுப்புகள் ஒவ்வொன்றுக்கும் இருந்த பெயரும் வழக்கொழிந்து வருகிறது. அந்தச் சொற்களை அறிந்தவர்கள் இன்னும் சிலர் நம் திண்ணைகளில் இருக்கிறார்கள். பஞ்சக் காலத்துக் கும்மிப் பாடல்களைப் புலவர் இராசு அவர்கள் திரட்டிப் "பஞ்சக் கும்மிகள்" என்று தொகுத்துத் தந்ததால்தான், மக்கள் தம் துயரத்தைத் தம் வாயாலேயே பாடியது நமக்குக் கிடைக்கிறது.

உங்களுக்கு வாய்த்திருக்கும் கருவிகளுக்கும் குறைவில்லை. அன்று ஒலிநாடாப் பெட்டியைச் சுமந்துகொண்டு ஊருக்குள் வர வேண்டியிருந்தது. இன்று கைப்பேசி உங்கள் சட்டைப் பையிலேயே இருக்கிறது. ஆனால் பதிவு செய்துவிட்டால் போதும் என்று இருந்துவிடாதீர்கள். பெயரும் நாளும் இல்லாத பதிவு, முகவரி இல்லாத கடிதம் போன்றது. யார் சொன்னது, அவருக்கு வயது என்ன, அவருக்கு யார் சொன்னது, எந்த ஊரில் வைத்துச் சொன்னது என்று தொடக்கத்திலேயே வாய்விட்டுச் சொல்லிப் பதிவு செய்யுங்கள். பிறகு ஒரு நோட்டுப் புத்தகத்தில் எழுதுங்கள். ஒரு படி உங்களிடமும் மற்றொரு படி வேறொரு வீட்டிலும் இருக்கட்டும். எழுதியதைச் சொன்னவருக்கே படித்துக் காட்டுங்கள். இரண்டாம் முறை கேட்கும்போதுதான் விட்டுப்போன செய்திகள் வெளிவரும். முதலில் சொன்னதைத் திருத்திச் சொல்ல அவர்களுக்கும் ஒரு வாய்ப்புக் கிட்டும்.

சில செய்திகளைச் சொல்லிவிட்டு, "இதை எழுதிப் போடாதே கண்ணு" என்பார்கள். அந்தச் சொல்லுக்குக் கட்டுப்படுங்கள். அவர்கள் நம்மை நம்பிச் சொல்கிறார்கள். வீட்டுக்குள் வைத்திருக்க வேண்டியதை வீட்டுக்குள்ளேயே வைத்திருங்கள். உயிரோடு இருக்கும் ஒருவருக்குத் தலைகுனிவு தரும் செய்தியை ஊரறியப் பரப்புவது வரலாற்றுத் தொண்டு ஆகாது. அழத் தொடங்கினால் கைப்பேசியை அணைத்துவிட்டுப் பக்கத்தில் உட்காருங்கள். நாம் செய்தி சேகரிக்க வந்தவர்கள் என்பது இரண்டாவது. அவர்கள் பேரப்பிள்ளைகள் என்பது முதலாவது.

இதற்கெல்லாம் காலம் இருக்கிறது என்று எண்ணிவிடாதீர்கள். அமெரிக்க நாட்டில் 1865-இல் அடிமை முறை ஒழிந்தது. அடிமைகளாக வாழ்ந்தவர்களின் வாய்மொழியைத் திரட்டும் பெருமுயற்சி 1936-இல்தான் தொடங்கிற்று. அரசாங்கம் எழுத்தாளர்களை ஊர் ஊராக அனுப்பிற்று. 1938-க்குள் 2,300-க்கு மேற்பட்டவர்களின் வாய்மொழி கிடைத்தது. சொன்னவர்களுள் மிகப் பெரும்பாலோர் எழுபதும் எண்பதும் கடந்த முதியவர்கள். அடிமைக் காலத்தில் சிறு பிள்ளைகளாய் இருந்தவர்கள். முழுவயதில் சாட்டையடி பட்டவர்கள் பலரும் அதற்குள் மறைந்துவிட்டார்கள். இன்னும் பத்தாண்டு தாழ்த்திருந்தால் அந்தச் சிறு பிள்ளைகளின் சொல்லும் பெருமளவு கிடைத்திராது.

நம் நிலையும் ஏறத்தாழ அதுவே. கவலை இறைத்த கைகள், வாய்க்காலில் முதல் தண்ணீரைக் கண்ட கண்கள், மில் சங்கொலி கேட்டு எழுந்து ஓடிய கால்கள் இவையெல்லாம் இன்று எண்பதையும் தொண்ணூறையும் எட்டியிருக்கின்றன. தாது வருஷத்தை நேரில் கண்டவர் மடியில் உட்கார்ந்து கதை கேட்டவர்கள் இன்னும் மிகச் சிலரே நம்மிடையே இருக்கக் கூடும். அவர்களுக்குப் பின், அந்தப் பஞ்சம் கணக்கேட்டில் உள்ள இரண்டு எண்களாக மட்டும் நிற்கும்.

ஆகவே மாணவர்களே, இந்த வாரம் ஒரு சிறு வேலை செய்யுங்கள். உங்கள் வீட்டிலோ பக்கத்து வீட்டிலோ உள்ள மிக மூத்தவர் ஒருவரிடம் செல்லுங்கள். உங்களுக்குத் தெரிந்த பெண்களின் பெயர்களை அவர்களிடமிருந்து கேட்டு எழுதுங்கள். தாய், தாயைப் பெற்றவர், அவரைப் பெற்றவர் என்று அவர்களுக்கு எட்டும் வரையில், பெயரும் பிறந்த ஊரும் எழுதுங்கள். ஆண்களின் பெயர்கள் பட்டாவிலும் பத்திரத்திலும் ஓரளவு கிடைத்துவிடும். பெண்களின் பெயர்களுக்கு அவர்களே ஏடு. ஒரு பக்கம் நிரம்பினாலும் போதும். நிரம்பாமல் நின்றுபோன இடத்தில் ஒரு கோடு இட்டு வையுங்கள். அங்கே ஒருத்தி இருந்தாள், அவள் பெயர் நமக்கு வந்து சேரவில்லை என்பதை அந்தக் கோடு உங்கள் பேரப்பிள்ளைகளுக்குச் சொல்லும்.